அழைப்பு யாருக்குப் போகிறது

பள்ளி விண்ணப்பத்தில் இரண்டு கைபேசி எண்கள் கேட்டிருந்தார்கள். முதல் எண்ணாக என் கணவருடையதை எழுதினோம். அவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். நான் வேலை செய்யும் இடம் தொலைவு. பாதி நேரம் மீட்டிங்கில் இருப்பேன், ஃபோனை எடுக்க முடியாது. இதையெல்லாம் யோசித்துத்தான் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் "முதலில் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று குறிப்பும் எழுதிக் கொடுத்தோம். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து முதன்முதலாக வந்த அழைப்பு எனக்கு வந்தது. அடுத்ததும் எனக்குத்தான். விளையாடும்போது விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது, வரைபடப் பயிற்சிக்கு வண்ணப் பென்சில் கொண்டுவராதது, பெற்றோர் கூட்டத் தேதி மாறியது, எல்லாமே எனக்கு. ஒருமுறை கேட்டே விட்டேன். மறுமுனையில் இருந்த பெண் தயங்காமல், அன்பாகத்தான் சொன்னார்: "அப்பா நம்பர் இருக்குங்க மேடம். ஆனா பிள்ளைக்கு முடியலைன்னா அம்மாகிட்டதானே முதல்ல சொல்லணும்?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. யார் மேலாவது கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. அந்தப் பெண் நல்லவர், என் குழந்தைமேல் அக்கறை உள்ளவர். என் கணவர் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் இல்லை. தன் எண்ணை முதலில் எழுதச் சொன்னதே அவர்தான். பெண்ணடிமை பேசுகிற ஒருவர்கூட இந்தக் கதையில் கிடையாது. ஆனாலும் அழைப்பு என்னிடம்தான் வருகிறது. நல்ல மனிதர்கள் எல்லாரும் சேர்ந்தே இப்படியொரு ஏற்பாட்டை நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்க முடியும் என்றால், பாலினம் என்பது தனி மனிதர்களின் மனதுக்குள் இருக்கும் எண்ணம் என்று நாம் பேசி வருவது போதாது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அது ஒரு படிவத்திலும், ஒரு ஃபோன் பட்டியலிலும், ஒரு பழக்கப்பட்ட விரல் எந்தப் பெயரைத் தொடுகிறது என்பதிலும் குடியிருக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. கிறிஸ்டி பசார்ட், லாரா கீ, ஓல்கா ஸ்டாடர்ட் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட பள்ளி முதல்வர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிச் சோதித்திருக்கிறார்கள். பள்ளி தேடும் பெற்றோர் எழுதுவதுபோன்ற கடிதம். அதில் தாய், தந்தை இருவரின் எண்களும் இருக்கும். யாரையாவது ஒருவரைத் திரும்ப அழைக்கும்படி கேட்டிருக்கும். தந்தைக்குப் போன அழைப்புகளைப்போல 1.4 மடங்கு அழைப்புகள் தாய்க்குப் போயின. கடிதத்திலேயே "எனக்கு நேரம் இருக்கிறது, என்னை அழையுங்கள்" என்று தந்தை எழுதியபோது நிலைமை ஓரளவு மாறியது. ஆனால் தாய் அதே வரியை எழுதியபோது அவருக்குக் கிடைத்த அளவுக்குத் தந்தைக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் படிவத்தில் போட்ட குறிப்பைப்போலவே, அந்தத் தந்தையின் வரிக்கும் முழு மரியாதை கிடைக்கவில்லை.

ஒரு அழைப்பு எடுத்துக்கொள்வது என்னவோ இரண்டு நிமிடம்தான். ஆனால் அது தனியாக வருவதில்லை. காய்ச்சல் என்று கேட்டவருக்கு, போன முறை எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வர வேண்டும். நாளைய தேர்வு என்ன ஆகும், யாரிடம் பாடக்குறிப்பு வாங்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு அழைப்பும் கொஞ்சம் தகவலை ஒருவரிடம் சேர்த்துவிட்டுப் போகிறது. சேரச் சேர அவர்தான் அந்த வீட்டில் விவரம் தெரிந்த ஆள் ஆகிறார். விவரம் தெரிந்தவரைத்தானே அடுத்த முறையும் கேட்பார்கள்? ஆலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டு வேலையின் கண்ணுக்குத் தெரியாத பகுதியை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, அதற்கு என்னென்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு சரியாக நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுக்கும் கட்டத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கடைசிவரை கவனிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் இருந்தன. இதைப் படித்தபோது எங்கள் வீடு அப்படியே கண்முன் வந்தது. எந்தப் பள்ளி என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்பது என் மண்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இருமல் சத்தம்

வேலை நிமித்தமாக நான் சில மாதங்கள் வேறு நாட்டில் இருக்க வேண்டி வந்தது. நேர வித்தியாசம் காரணமாகப் பள்ளி நேரத்தில் என்னைப் பிடிக்கவே முடியாது. வேறு வழியில்லாமல் அழைப்புகள் கணவருக்குப் போக ஆரம்பித்தன. முதலில் சில முறை, "அம்மா இல்லையா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லைங்க, நான்தான் இருக்கேன், என்கிட்ட சொல்லுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்க்கத் தயங்கினார்கள். குழுவின் பெயரிலேயே "அம்மாக்கள்" என்று இருந்தது. இதையெல்லாம் அவர் அவ்வப்போது வருத்தமாகத்தான் சொன்னார். நான் கேட்டு ஆறுதல் சொன்னேன். அதன் பொருள் அப்போது எனக்கு முழுவதும் பிடிபடவில்லை.

திரும்பி வந்த முதல் வாரத்தில் ஓர் இரவு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் மகள் இருமினாள். பலமான இருமல்கூட இல்லை, தூக்கத்தில் வந்துபோகிற இரண்டு செருமல். நான் கண்ணைத் திறப்பதற்குள் அவர் கட்டிலில் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். போர்வையைச் சரிசெய்துவிட்டு, புறங்கையை அவள் கழுத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல, நீ தூங்கு. மூணு நாளா லேசா இருக்கு, நாளைக்குக் காட்டணும்" என்றார். மகள் பிறந்ததிலிருந்து அந்தக் கணத்தில் விழித்தது நானாகத்தான் இருந்திருக்கிறேன். எத்தனை அசதியிலும் அவளுடைய சின்ன அசைவுக்கு விழித்துவிடும் அந்தக் காதை என் உடம்போடு பிறந்தது என்று சுற்றியிருந்த எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா காது" என்பார்கள். இடி இடித்தாலும் எழாத அவரைப் பார்த்து "ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்" என்பார்கள். இப்போது அந்தக் காது அவரிடம் இருந்தது. என்னிடம் மங்கியிருந்தது.

அந்த இரவில் எனக்குள் ஓடியது மகிழ்ச்சி மட்டும் இல்லை. ஒரு இழப்பும் இருந்தது. எனக்கு மட்டுமே உரியது என்று சொல்லித் தரப்பட்ட ஒன்று கைமாறக்கூடியது என்று தெரிவது சுலபமான விஷயம் இல்லை. பெண்கள் பலர் இந்தச் சுமையைப் புலம்பிக்கொண்டே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெளியுலகம் பெண்ணுக்கு மறுக்கிற மதிப்பில் ஒரு பகுதியை இந்த இடத்தில்தான் தருகிறது. அதையும் விட்டுக்கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்ற பயம் நியாயமானது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

என் கணவருக்கு நேர்ந்ததை அறிவியலும் பார்த்திருக்கிறது. 2014-இல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் முதல் குழந்தை பெற்ற 89 பெற்றோரின் மூளைச் செயல்பாட்டைப் படமெடுத்தார்கள். தாய்மார், மனைவிக்குத் துணையாக இருக்கும் தந்தையர், தாயே இல்லாத வீட்டில் குழந்தை வளர்க்கும் தன்பாலீர்ப்புத் தந்தையர் என்று மூன்று வகையினர். ஆபத்தையும் உணர்ச்சியையும் உடனே உணரும் அமிக்டலா என்ற பகுதி, தாய்மாருக்கு எவ்வளவு கூர்மையாக விழித்துக்கொண்டதோ, முழுப் பொறுப்பில் இருந்த தந்தையருக்கும் அதே அளவு விழித்துக்கொண்டது. துணையாக மட்டும் இருந்த தந்தையருக்கு அப்படி இல்லை. ஹார்மோன்களிலும் இதே கதைதான். பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், தந்தையானவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்தது. குழந்தையோடு தினமும் அதிக நேரம் செலவழித்தவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. தான்சானியாவில் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் வழக்கமுள்ள ஹட்சா இனத் தந்தையருக்கு அது குறைகிறது. பக்கத்திலேயே வாழும், குழந்தையிடம் ஒட்டாத டட்டோகா இனத் தந்தையருக்குக் குறைவதில்லை.

உடல் என்ன சொல்கிறது

பாலினம் சமூகம் கட்டியெழுப்பியது என்று சொன்னவுடன், "அப்படியானால் உடலே கிடையாதா?" என்ற கேள்வி வரும். உடல் இருக்கிறது. கருவைச் சுமப்பதும் பெறுவதும் பால் கொடுப்பதும் உடலின் வேலைகள். அவை தருகிற வலியையும் களைப்பையும் நான் அனுபவித்திருக்கிறேன், அவற்றை மறுக்கிற எந்தக் கொள்கையும் எனக்கு வேண்டாம். ஆனால் வண்ணப் பென்சிலை நினைவில் வைத்துக்கொள்வதற்குக் கருப்பை தேவையில்லை. உடலில் உண்மையாகவே இருக்கிற ஒரு சிறு வேறுபாட்டை எடுத்து, அதற்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரம் வேலைகளை அதன்மேல் ஏற்றிவிடுகிறோம். பிறகு அந்த வேலைகளைச் செய்து செய்து உடலே மாறுகிறது. மாறிய உடலைக் காட்டி, "பார், இயற்கையே இப்படித்தான்" என்கிறோம். இந்தச் சுழற்சிதான் என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது.

ஓட்டப்பந்தய வரலாற்றில் இந்தச் சுழற்சி அப்பட்டமாகத் தெரியும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். ஓடி முடித்த சிலர் களைப்பில் தரையில் சாய்ந்தார்கள். ஆண்கள் சாய்ந்தால் அது கடும் முயற்சியின் அடையாளம். பெண்கள் சாய்ந்ததைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெரிதாக்கின. பெண்ணுடல் இதைத் தாங்காது என்றார்கள். அடுத்த 800 மீட்டர் ஓட்டம் பெண்களுக்கு 1960-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட 32 ஆண்டுகள் அந்தத் தூரத்தை ஒலிம்பிக்கில் பெண்கள் யாரும் ஓடவில்லை. ஓடாததே ஓட முடியாததற்குச் சான்றாக நின்றது. 1967-இல் கேத்ரின் ஸ்விட்சர் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்து பாஸ்டன் மாரத்தானில் ஓடியபோது, போட்டி நிர்வாகி ஒருவர் பாதையில் இறங்கி அவர் எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். 1984-இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் வந்தபோது ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் முடித்தார். அந்த 56 ஆண்டுகளில் பெண்ணுடலின் அமைப்பு மாறிவிடவில்லை. யாரைப் பாதையில் விடுவது என்ற விதி மாறியது.

இரண்டே பெட்டிகள் என்று நாம் நம்புகிற பிரிவும் அத்தனை உறுதியானது இல்லை. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீன்யோ 1985-இல் நடந்த குரோமோசோம் சோதனையில் 'தேறவில்லை'. வாழ்நாள் முழுவதும் பெண்ணாக வளர்ந்தவர். அவர் செல்களில் பொதுவாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருந்தன, ஆனால் ஆண் ஹார்மோனை அவர் உடல் ஏற்றுக்கொள்ளாது. தகுதி, உதவித்தொகை, சாதனைகள் எல்லாம் பறிபோயின. போராடி 1988-இல் மீண்டும் தகுதி பெற்றார். அவர் உடலில் எதுவும் புதிதாக நடக்கவில்லை. எந்த அளவுகோலை வைப்பது என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானித்ததுதான் நடந்தது. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளில் அடங்காத உடலோடு பிறக்கும் ஊடுபால் மக்களும் திருநர்களும் இந்தத் தீர்மானங்களுக்கு நாள்தோறும் விலை கொடுக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாக வந்து உறுத்துவது, அவர்களுக்கு ஒவ்வொரு படிவத்திலும், ஒவ்வொரு கழிப்பறைக் கதவிலும், ஒவ்வொரு மருத்துவர் அறையிலும் நிற்கிறது.

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்

கேண்டஸ் வெஸ்ட், டான் ஜிம்மர்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1987-இல் முன்வைத்த கருத்து ஒன்று இந்த இடத்தில் எனக்கு உதவியது. பாலினம் நம்மிடம் இருக்கும் பண்பு என்பதைவிட, ஒருவரோடொருவர் பழகும்போது நாம் ஓயாமல் செய்துகொண்டே இருக்கும் செயல் என்றார்கள். அதைச் செய்யாமல் இருக்க முடியாதா? முடியாது என்பதே அவர்கள் பதில். எதிர்பார்க்கிறபடி செய்யாவிட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் கருத்தின் உயிர்நாடி இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தந்தையை அழைத்துவிட்டு, பிறகு தாய் வந்து "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டால் அந்தப் பள்ளிப் பெண் பதில் சொல்லியாக வேண்டும். தாயை அழைத்ததற்காக எந்தத் தந்தையும் வந்து கேட்கப்போவதில்லை. ஆக அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள உகந்த எண்ணைத்தான் அழைத்திருக்கிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். அவர் எண்ணையும் வேறொரு பள்ளி அழைத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பதில் சொல்லும் கடமை பேசத் தெரியாத வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி இருவரும் 1976-இல் ஒரு சோதனை செய்தார்கள். பெட்டியைத் திறந்ததும் பொம்மை துள்ளிக் குதிக்க, அதைப் பார்த்து அழும் ஒன்பது மாதக் குழந்தையின் ஒரே காணொளியை இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காட்டினார்கள். ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைப் பார்த்தார்கள். பெண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் பயத்தைப் பார்த்தார்கள். கோபப்படும் குழந்தையையும் பயப்படும் குழந்தையையும் நாம் ஒரேபோல் தூக்குவதில்லை. அந்த வித்தியாசம் ஒரு நாளைக்குப் பலமுறை, பல ஆண்டுகள் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு லின் பியான் குழுவினர் 2017-இல் வெளியிட்ட முடிவு ஒரு குறிப்பு தருகிறது. ஐந்து வயதுச் சிறுமிகள் தங்கள் பாலினத்தைச் சேர்ந்தவர்களை 'மிக மிக அறிவாளி' என்று சொல்லச் சிறுவர்கள் அளவுக்கே தயாராக இருந்தார்கள். ஆறு வயதில் அந்தத் தயார்நிலை குறைந்துவிட்டது. ஆறு வயதில் என் மகள் முன்பல் விழுந்து நின்றாள். அந்த வயதுக்குள் உலகம் இத்தனை சொல்லிக் கொடுத்து முடித்துவிடுகிறது என்பதை என்னால் இன்றும் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

வீட்டுக்குள் சேர்ந்தது அலுவலகத்தில் சம்பளமாகக் கழிகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்கு உலகில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது. அதில் 76.2 விழுக்காடு பெண்களுடையது. இவ்வளவு வேலையும் மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் வராது. கூலி உள்ள வேலையிலும் இதன் நிழல் விழுகிறது. லெவனான், இங்கிலாண்ட், அலிசன் மூவரும் 1950 முதல் 2000 வரையிலான அமெரிக்கக் கணக்கெடுப்பு விவரங்களை ஆராய்ந்து, ஒரு தொழிலில் பெண்களின் பங்கு கூடினால் அதன்பின் அந்தத் தொழிலின் ஊதியம் சரிகிறது என்று 2009-இல் காட்டினார்கள். படிப்பையும் திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். எதிர்த்திசையிலும் பாருங்கள். எனியாக் என்ற தொடக்ககாலக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். 1946-இல் அந்த இயந்திரத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. நிரலெழுதுவது எழுத்தர் வேலைபோல எண்ணப்பட்ட காலம் அது. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 விழுக்காடுவரை ஏறி, பிறகு பாதியாகக் குறைந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசிய ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் கவனித்த ஒன்று முக்கியமானது: வீட்டுக்கு வாங்கிய கணினி பெரும்பாலும் மகனின் அறையில் போய் உட்கார்ந்தது. கணினி யாருக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. மேசை எந்த அறையில் இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

இந்த ஏற்பாடு ஆண்களை வாழவைக்கிறது என்றும் நான் நம்பவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆண்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கஷ்டத்தை யாரிடமும் சொல்லாமல் இருப்பதே ஆண்மை என்று சொல்லி வளர்ப்பது. என் கணவரின் நண்பர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பிள்ளையின் நெருங்கிய தோழியின் பெயர் தெரியும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட தந்தையர் இல்லை. அந்தப் பெயர் அவர்கள் காதில் விழுகிற பாதை அடைக்கப்பட்டிருக்கிறது.

மனம் மாறினால் போதுமா

கட்டப்பட்டது என்பதால் எளிதாக இடித்துவிடலாம் என்று பொருள் இல்லை. சுவரும் மனிதர் கட்டியதுதான், அதற்காக யாரும் அதன் ஊடே நடந்துவிட முடியாது. ஆகவே "மனநிலை மாற வேண்டும்" என்று முடிக்கிற பேச்சுகள் எனக்கு அலுப்பைத் தருகின்றன. எங்கள் வீட்டில் மனநிலை ஏற்கெனவே மாறித்தான் இருந்தது. நான் எட்டாத தொலைவுக்குப் போன பிறகுதான் அழைப்பு திரும்பியது. இதையே ஒரு நாட்டு அளவில் செய்து பார்த்தவர்கள் ஐஸ்லாந்துப் பெண்கள். 1975 அக்டோபர் 24 அன்று ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலை, வீட்டு வேலை, குழந்தை பராமரிப்பு எல்லாவற்றையும் ஒருநாள் விட்டு வீதிக்கு வந்தார்கள். தந்தையர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் விக்டிஸ் ஃபின்போகடோத்திர் குடியரசுத் தலைவரானார்.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. 1974-இலேயே பேறுகால விடுப்பைத் தாய், தந்தை இருவருக்கும் பொதுவான விடுப்பாக மாற்றியது. உலகில் முதல் நாடு அதுதான். தந்தையர் தங்கள் நாள்களை மனைவிக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. பெரும்பாலானோர் எழுதிக் கொடுத்தார்கள். 1995-இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, எடுக்காவிட்டால் வீணாகும் என்று விதி செய்தார்கள். அதுவரை விடுப்பே எடுக்காதவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் பங்கு சட்டென்று ஐந்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. அறிவுரையால் இருபது ஆண்டுகளில் ஆகாததை ஒரு விதி செய்தது என்று இதை நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அதே சீர்திருத்தத்தை ஆராய்ந்த எக்பெர்க், எரிக்சன், ஃப்ரீபெல் மூவரும் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தை எடுத்த தந்தையர், பின்னாளில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது எடுக்கிற விடுப்பில் கூடுதல் பங்கு ஏற்கவில்லை. என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான். குழந்தையோடு இருந்தாலே கவனிக்கும் காது வந்துவிடும் என்றால், அந்த ஒரு மாதம் ஏன் ஒட்டவில்லை? இதைப் பல நாள் மனதில் போட்டு உருட்டியதில் எனக்குப் பட்டது இது. ஒரு மாதம் மிகக் குறைவு. அதோடு, தாயும் பக்கத்திலேயே இருக்கும் வீட்டில் தந்தை எடுக்கும் விடுப்பில் பொறுப்பு கைமாறுவதில்லை. கூடுதலாக ஒரு கை வருகிறது, அவ்வளவுதான். 2014 ஆய்வில் துணைத் தந்தையருக்கும் முழுப்பொறுப்புத் தந்தையருக்கும் மூளையிலேயே இருந்த வேறுபாட்டுக்கும் இது பொருந்துகிறது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2006-இல் தந்தைக்கென்று ஐந்து வாரம் ஒதுக்கியது. அதை ஆராய்ந்த அங்கிதா பட்நாயக், ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த வீடுகளில் தந்தையர் வீட்டு வேலைக்கும் தாய்மார் ஊதிய வேலைக்கும் கூடுதல் நேரம் கொடுப்பதைக் கண்டார். ஆக ஓரிடத்தில் ஒட்டியிருக்கிறது, இன்னோரிடத்தில் ஒட்டவில்லை.

அதனால்தான் தந்தையர் விடுப்பு வேண்டும் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். நான் கேட்பது இதுதான்: தாய் வேலைக்குத் திரும்பிய பிறகு, அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் தந்தை தனியாக எடுக்க வேண்டிய விடுப்பு, மனைவிக்கு மாற்றிக் கொடுக்க முடியாதது, குறைந்தது சில மாதங்களாவது நீள்வது, சம்பளம் குறையாதது. அதோடு, நோயுற்ற குழந்தைக்கான விடுப்பிலும் பாதி நாள்களைத் தந்தை பெயரில் எழுதிவைக்கும் விதி. சம்பளம் குறைந்தால், வீட்டில் குறைவாகச் சம்பாதிப்பவர்தான் விடுப்பு எடுப்பார். அவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். இத்தனையும் வந்தால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர், ஓர் இளம்பெண்ணைப் பார்த்து "இவர் நாளைக்கு லீவு போடுவாரே" என்று கணக்குப் போடும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞனைப் பார்த்தும் அதே கணக்கைப் போட வேண்டியிருக்கும்.